வெட்டுவதற்கு முன் வளைத்துப் பாருங்கள்

"பாட்டி, ரோஜா கேட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வெட்டிவிடட்டுமா?"

சென்ற ஆண்டு நவம்பர் விடுமுறையில் தாப்பாவில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது என் பாட்டியிடம் இப்படித்தான் கேட்டேன். கேட்டேனே தவிர, பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. செடி இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. மூன்றே மூன்று நீண்ட தண்டுகள், அடியில் இலையே இல்லை, பூவெல்லாம் உச்சியில். பாட்டி குடையின் வளைந்த கைப்பிடியால் கிளையை இழுத்துப் பிடித்துத்தான் பூப்பறிப்பார். அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, முதல் நாள் இரவு காணொளியில் பார்த்தபடி மூன்று தண்டுகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். இருபது நிமிடங்களில் வேலை முடிந்தது.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்த பாட்டி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "முடிச்சிட்டியாம்மா? சரி, முள்ளு காலுல குத்தாம வாரிப் போடு" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் செடி, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் தாத்தா கேமரன் மலையிலிருந்து பேருந்தில் கொண்டுவந்து நட்டது. தாத்தா மறைந்த பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அதன் பூ ஒன்று அவர் படத்துக்குப் போகும். நான் வெட்டிய பிறகு அடைமழை தொடங்கியது. வெளிவந்த இளந்துளிர்களில் கரும்புள்ளி விழுந்து இலைகள் உதிர்ந்தன. மூன்று தண்டுகளில் இரண்டு மேலிருந்து கீழாகக் காய்ந்து கறுத்தன. பொங்கலுக்குப் பூ இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பாட்டி பாசாரில் இரண்டு வெள்ளிக்குப் பூ வாங்கிவந்தார்.

இந்தக் குற்ற உணர்வில்தான் ரோஜாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து இன்று ஒரு கருத்தை உறுதியாகச் சொல்ல முடியும். நம் நாட்டில் உயரமாக வளர்ந்துவிட்ட ரோஜாவுக்கு முதல் மருந்து கத்தரிக்கோல் அன்று. முதலில் காரணத்தைக் கேளுங்கள், பிறகு வளைத்துப் பாருங்கள், தாங்கிப் பிடியுங்கள், கடைசியில் வேண்டிய அளவு மட்டும் வெட்டுங்கள். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நான் பார்த்த காணொளி பொய் சொல்லவில்லை. ஆனால், அது குளிர் நாட்டுத் தோட்டத்துக்கானது. அங்கே குளிர்காலத்தில் ரோஜா இலையுதிர்த்து உறங்குகிறது. அதற்கு வேண்டிய உணவு வேரிலும் அடித்தண்டிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. குளிர் முடியும் தறுவாயில் தாழ வெட்டினால், சேமிப்பைக் கொண்டு வசந்தத்தில் அது புதிதாக எழும். நம் ஊரில் வசந்தமும் இல்லை, உறக்கமும் இல்லை. ஆண்டு முழுவதும் இலையோடு நின்று, அன்றன்று சமைத்து அன்றன்று உண்ணும் குடும்பத்தைப் போன்றது நம் ரோஜா. இலைதான் அதன் அடுப்படி. எல்லா இலைகளையும் ஒரே நாளில் வெட்டியெறிவது அடுப்பை இடித்துவிட்டுச் சோறு கேட்பதற்குச் சமம். நான் செய்தது அதுதான். அதையும் மழை மாதத்தில், பூஞ்சைக்கு விருந்து வைப்பதுபோலச் செய்தேன்.

சரி, செடி ஏன் உயர்ந்தது? உயரம் என்பது ஒரே நோய் அன்று. பல வேளைகளில் அது நோயே அன்று.

சில ரோஜாக்கள் பிறவியிலேயே நெடியவை. கொடிரோஜா என்று நாம் அழைக்கும் வகைகள் பல மீட்டர் நீளும். கொடியல்லாத வகைகளிலும் நெட்டையர் உண்டு. அமெரிக்காவில் வால்டர் லம்மர்ட்ஸ் உருவாக்கி 1954இல் வெளிவந்த 'குவீன் எலிசபெத்' என்னும் இளஞ்சிவப்பு ரோஜா ஆளுயரத்தையும் தாண்டி நேராக எழுவது. அதை இடுப்பளவில் நிறுத்துவேன் என்று பிடிவாதம் பிடிப்பது வாழ்நாள் முழுவதும் அதனோடு சண்டை போடுவதாகும்.

இரண்டாவது காரணம் நிழல். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். தாமான் வீடுகளில் கார் நிறுத்துமிடக் கூரைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையில் தொட்டியை வைத்துவிடுகிறோம். அது வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீள்கிறது. இதற்கு மருந்து தொட்டியை நகர்த்துவது, வெட்டுவது அன்று. வெட்டினால் மறுபடியும் மெலிந்தே நீளும்.

மூன்றாவது, தழைச்சத்து மிகுந்த உரம். இலை கரும்பச்சையாகத் தழைக்கும், தண்டு கொழகொழவென்று உயரும், பூ குறையும்.

நான்காவது, ஒட்டுச் செடிகளில் வரும் வேர்ச்செடியின் துளிர். நர்சரிகளில் விற்கப்படும் ரோஜாக்களில் பல, காட்டுத்தன்மையுள்ள வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து ஒரு துளிர் கிளம்பினால், அது நாம் வாங்கிய ரோஜா அன்று. விட்டுவிட்டால் மடமடவென்று உயர்ந்து, மேலே உள்ள நல்ல செடியைப் பட்டினி போட்டுவிடும். இது ஒன்றைத்தான் தயவு தாட்சண்யமின்றி அகற்ற வேண்டும். அதையும் மேலாக வெட்டாமல், மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

ஆக, நான்கு காரணங்கள், நான்கு மருந்துகள். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடுவது என்ன நியாயம்?

நம் குடும்பங்களில் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. எனக்குத் தாத்தாவின் ஞாபகம்தான் வருகிறது. அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் 'கவாத்து'. தேயிலை, விட்டால் மரமாகிவிடும் செடி. நம்மவர்கள் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, இடுப்பளவில் மேசைபோல் சமன்படுத்தி வைத்தார்கள். 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம்தொட்டு, கேமரன் மலைச் சரிவுகளில் காணும் அந்தப் பச்சை விரிப்பு தமிழர் கைகளும் சேர்ந்து செதுக்கியது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால், தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதுக் கொழுந்து வரும். பூவைப் பற்றிக் கவலை இல்லை. ரோஜாவில் நமக்கு வேண்டியது பூ. தேயிலைக்குச் செய்வதை ரோஜாவுக்கும், வேலியோரச் செம்பருத்திக்குச் செய்வதை எல்லாவற்றுக்கும் செய்தால் சமமாக வெட்டிய ஒரு முட்புதர்தான் மிஞ்சும்.

மலையிலிருந்து செடி வாங்கிவரும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அங்கே பகலில்கூட வெயில் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டுவதில்லை. கீழே தாப்பாவிலோ கோலாலம்பூரிலோ 32, 33 பாகை சர்வசாதாரணம். அங்கே குட்டையாக, கையளவு பூவோடு நின்ற செடி இங்கே வந்ததும் நெட்டையாகி, சின்னப் பூ பூப்பது செடியின் குற்றம் அன்று. ஊர் மாறினால் வளர்த்தியும் மாறும்.

இப்போது வளைத்தலுக்கு வருவோம். செடியின் நுனித்துளிர் தனக்குக் கீழே உள்ள கணுமொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1933இல் திமான், ஸ்கூக் என்னும் இரு ஆய்வாளர்கள் அவரைவகைச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சின் என்னும் வளரூக்கியைத் தடவிப் பார்த்தார்கள். நுனி இல்லாமலேயே பக்கமொட்டுகள் அடங்கிக் கிடந்தன. பின்னர், 2014இல் பட்டாணிச் செடியில் செய்த ஓர் ஆய்வு, சர்க்கரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. வளரும் நுனி சர்க்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கீழுள்ள மொட்டுகள் பட்டினியாய்க் கிடக்கின்றன. நுனி போனதும் அவற்றுக்குப் பங்கு கிடைக்கிறது.

நேராக நிற்கும் ரோஜாத் தண்டில் உச்சியில் மட்டும் பூப்பது இதனால்தான். அதே தண்டைச் சாய்த்துக் கிடைமட்டமாகக் கட்டிவிட்டால் நுனியின் அதிகாரம் தளர்கிறது. தண்டு நெடுகிலும் உறங்கிய கணுக்கள் விழித்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு கிளையாக எழுந்து பூக்கிறது. ஒரு இலையைக்கூட நாம் இழப்பதில்லை. வெட்டினால் உயரம் குறையும், பூவும் குறையும். வளைத்தால் உயரம் குறையும், பூ கூடும்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை அன்று. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழி ரோஜாவுக்கு அப்படியே பொருந்தும். பழுத்து மரமாகிவிட்ட தண்டை வளைக்கப் போனால் முறியும். அந்த ஆண்டில் வந்த, இன்னும் பச்சை மாறாத நீண்ட தண்டுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே மூச்சில் இழுக்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாகச் சாய்த்துச் சாய்த்துக் கட்டுங்கள். வீட்டு முன்வேலியே போதும். வேலி இல்லையென்றால் சுவரில் முழ இடைவெளிவிட்டுக் குறுக்கே கம்பி இழுத்து, தண்டுகளை விசிறிபோல் பரப்பலாம். தொட்டி மட்டுமே உள்ளவர்கள் தொட்டியின் ஓரத்தில் மூன்று மூங்கில் குச்சிகளை நட்டு, உச்சியைச் சேர்த்துக் கட்டி, தண்டை அதைச் சுற்றிச் சாய்வாக ஏற்றலாம். சுற்றிப் போவதும் சாய்ந்து போவதுதானே!

"எங்கள் வீட்டில் இடமில்லை, அதனால்தான் வெட்டுகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். இதை நான் மதிக்கிறேன். மாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கு ஆளுயர ரோஜா ஒரு தொல்லைதான். போவோர் வருவோர் சட்டையை அது கிழிக்கும். ஆனால், வேலியோடு வேலியாகப் படுத்த தண்டு ஒரு சாண் அகலத்தைக்கூட அடைப்பதில்லை. அதுவும் முடியாது என்றால், குட்டையான வகையைத் தேடி வாங்குவதுதான் நேர்மை. நெட்டையை வாங்கிவந்து ஆயுள் முழுவதும் தலையைத் தட்டிக்கொண்டிருப்பது நேர்மை அன்று.

அடுத்தது கொழுகொம்பு. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையைத் தமிழ்ப்பள்ளியில் படிக்காதவர் நம்மில் யார்? ரோஜாவுக்குத் தேர் தேவையில்லை. ஆனால் முல்லையைவிடவும் அதற்கு நம் கை வேண்டும். முல்லை தானாகச் சுற்றி ஏறும். பாகல் பற்றுக்கம்பி வீசிப் பிடித்துக்கொள்ளும். ரோஜாவுக்கு இரண்டும் தெரியாது. அதன் முள் மட்டுமே எதிலாவது மாட்டித் தொங்கும். ஆகவே, நாம் கட்டினால்தான் உண்டு. நடும்போதே கொம்பை ஊன்றிவிடுவது நல்லது. பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். கம்பியாலும் பிளாஸ்டிக் கயிற்றாலும் இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு பருக்கும்போது அது கழுத்தை அறுக்கும். பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து, கொம்புக்கும் தண்டுக்கும் இடையில் எட்டுப்போல் குறுக்கே மாற்றித் தளர்வாகக் கட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். மழைநீர் கோத்த பூவின் பாரம் தாங்காமல் நெட்டைத் தண்டுகள் ஒடிவதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் வெட்டவே கூடாதா? கூடும். காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எப்போதும் வெட்டலாம். வாடிய பூவைக் காம்போடு மட்டும் கிள்ளாமல், வெளிப்பக்கம் பார்க்கும் ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைவரை இறங்கி, அதன் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினாலே உயரம் ஓரளவு கட்டுப்படும். வளைய மறுக்கும் விறைப்பான வகைகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மழை ஓய்ந்த வாரங்களில், இலைகளை விட்டுவைத்துக் குறைக்கலாம். கொடிரோஜாவாக இருந்தால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் முதன்மைத் தண்டுகளைத் தொடாமல், பூத்து முடிந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டினால் போதும். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும்; ஒரு செடிக்கும் மறு செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு இவ்வாண்டு மார்ச் மாதம் வீட்டுக்குப் போனேன். மிஞ்சியிருந்த ஒற்றைத் தண்டுக்குக் கீழே, மண்ணையொட்டி, சிவப்பாக ஒரு தடித்த துளிர் கிளம்பியிருந்தது. படிப்பு தலைக்கேறியிருந்த நான், "இது வேர்ச்செடியின் துளிர் பாட்டி, விட்டால் மற்றதைத் தின்றுவிடும்" என்று சொல்லிப் பிய்க்கக் குனிந்தேன்.

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒட்டுச்செடி இல்லம்மா. தாத்தா குச்சிய வெட்டிக் கொண்டாந்து ஊனுனது. கீழேருந்து வந்தாலும் மேலேருந்து வந்தாலும் அதே ரோசாதான்."

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பாட்டி சொன்னது முழுக்க முழுக்கச் சரி. குச்சி ஊன்றி வளர்ந்த செடிக்கு வேறு வேர் கிடையாது. அடியிலிருந்து எழுவதும் அதே செடிதான். செடியின் வரலாறு தெரியாமல், படித்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது முறையும் அதைக் கொல்லப் பார்த்தேன். நவம்பரில் நான் பதிலுக்குக் காத்திருந்தால் எவ்வளவோ தெரிந்துகொண்டிருப்பேன்.

பாட்டியிடமும் குறை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 'வளருற புள்ளைய ஏன் வெட்டணும்' என்று அத்தனை ஆண்டுகள் வாடிய பூவைக்கூட வெட்டாமல் விட்டதால்தான் செடி மூன்று கொம்புகளாக உச்சிக்கு ஓடியது. இப்போது நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கேட்காமல் நான் வெட்டுவதில்லை. கேட்டால் அவர் மறுப்பதில்லை.

இதை ஏன் நம் கழக இதழில் எழுதுகிறேன்? தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மில் பலருக்கு இந்த இரண்டு கைகளும் பழக்கம். முதலாம் படிவத்தில் என் மலாய்க் கட்டுரைகளில் வாக்கியங்கள் நீண்டு கிடந்தன. ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் பாதியை அடித்துவிட்டு, 'தமிழில் யோசிக்காதே' என்றார். அந்த ஆண்டு முழுவதும் நான் நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை. மறு ஆண்டு வந்த இன்னோர் ஆசிரியர் ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து, அதற்குள் மூன்று நல்ல வாக்கியங்கள் இருப்பதைக் காட்டினார். நான் மீண்டும் எழுதத் தொடங்கியது அன்றைக்குத்தான். இன்று நாம் மூத்த மாணவர்கள். பத்து யோசனைகளோடு முதல் கூட்டத்துக்கு வரும் முதலாண்டுத் தம்பி தங்கையரிடம், "முதலில் ஓராண்டு உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்கிறோமே, அப்போது நம் கையில் இருப்பது எது? கத்தரிக்கோலா, கட்டும் துணியா?

மே மாதத்தில் அந்தச் சிவப்புத் துளிர் என் தோளுயரம் வந்தது. பாட்டி தாத்தாவின் பழைய வேட்டியிலிருந்து நாடா நாடாகக் கிழித்துத் தர, நான் அதை மூன்று வாரங்களில் மெல்ல மெல்லச் சாய்த்து வேலியில் கட்டினேன். ஜூலையில் ஏழு பக்கக் கிளைகள். ஏழும் பாட்டியின் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பூத்தன.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாட்டி பாசாரில் பூ வாங்குவதில்லை. குடையையும் மழைக்கு மட்டும்தான் எடுக்கிறார்.